அஞ்சு ஸ்வரம், பன்னிரண்டு பார்: பிடித்த கிட்டாரிஸ்டைப் பார்த்து சொந்தமாக ஒரு ப்ளூஸ் சோலோ

கிட்டாரில் ஏழெட்டு கார்டு பிடிக்கத் தெரியும், சினிமாப் பாட்டுக்குக் கூடவே வாசிக்க வரும், ஆனால் பின்னால் ஒரு ட்ராக்கை ஓடவிட்டு "இப்ப நீ சோலோ வாசி" என்று யாராவது சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனதுக்குள் ஒரு கிட்டாரிஸ்ட் இருப்பார். அவர் மாதிரி வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் அவருடைய சோலோ ஒன்றை நோட்டுக்கு நோட்டு மனப்பாடம்கூடச் செய்திருப்பீர்கள். அந்த சோலோ முடிந்த பிறகு அடுத்து என்ன வாசிப்பது என்று மட்டும் தெரியாது.

அந்த "அடுத்து என்ன" என்பதுதான் இம்ப்ரவைசேஷன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கும்பகோணம், மாயவரம் பக்கம் வளர்ந்தவர்கள் சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முடிந்து நாதஸ்வரக்காரர் ராகம் எடுக்கிறாரே, அதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தோடி என்றாலே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று இன்றைக்கும் இங்கே பேச்சு. அவரும் நொடிக்கு நொடி புது ஸ்வரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை, தோடிக்கு என்று உள்ள பிடிகள் அவர் கைவசம் இருந்தன, எதை நீட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த வழியாகத் திரும்பி வருவது என்பதுதான் அந்த நேரத்தில் பிறந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து வந்த ப்ளூஸில் சோலோவும் இப்படித்தான் நடக்கிறது. கிட்டார்காரர்கள் லிக் என்று சொல்வதை நான் இங்கே பிடி என்றே எழுதப் போகிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

என் ஆள் கேரி மூர். 1952-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்து 2011-ல் இறந்துபோனவர். பல வருஷம் ஹார்ட் ராக் வாசித்துவிட்டு 1990-ல் ப்ளூஸ் பக்கம் வந்தார். ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவார், அது அழும், அடுத்த நொடி மடமடவென்று கொட்டித் தீர்ப்பார், திரும்ப ஒரே ஸ்வரத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் யாரைக் கேட்டு இப்படி ஆனார் என்று தேடிப் போனால் பீட்டர் கிரீன் வருகிறார், 1967-ல் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கியவர். கிரீனுடைய 1959-ம் வருஷத்து லெஸ் பால் கிட்டாரையே மூர் வாங்கி வைத்திருந்தார், 1995-ல் கிரீனுக்காகவே ஒரு முழு ஆல்பமும் போட்டார். கிரீனுக்கு முன்னால் போனால் பி.பி. கிங். அவருடைய உறவினர் புக்கா வைட் கிட்டாரில் ஸ்லைடு (ஸ்ட்ரிங் மேல் வழுக்கவிடும் சின்னக் குழாய்) வைத்து வாசிப்பவர், அந்தச் சத்தத்தின் மேல் கிங்குக்கு ஆசை, ஸ்லைடு மட்டும் அவர் கைக்கு வரவில்லை, அதனால் வெறும் விரலை வைத்தே அந்த நடுக்கத்தைக் கொண்டுவரப் பார்த்தார். உலகம் முழுக்க கிட்டார் வாசிப்பவர்கள் காப்பியடிக்கும் அவருடைய வைப்ரேட்டோ அப்படி வந்ததுதான்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. மூர் கிரீனுடைய அதே கிட்டாரில், கிரீனுடைய பாட்டையே வாசித்தாலும் கிரீன் மாதிரி கேட்காது. கிரீன் குறைவாகப் பேசுகிறவர், மூர் குரலை உயர்த்துகிறவர். ஆகவே பிடித்தவர் மாதிரியே வாசித்தால் சொந்தப் பாணி போய்விடுமோ என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவரிடமிருந்து ஸ்வரத்தை வாங்குவது சுலபம், டேப் (எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃப்ரெட் என்று எழுதிய குறிப்பு) பார்த்தாலே கிடைத்துவிடும். அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதை வாங்குவதுதான் கஷ்டம், நம் சோலோ பேச்சு மாதிரி கேட்பதற்கும் பயிற்சி மாதிரி கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சரி, தாளத்திலிருந்து தொடங்குவோம். ப்ளூஸின் கட்டுமானம் பன்னிரண்டு பார், பாருக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் 48. ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம் போட்டால் சரியாக வந்து நிற்கும். கார்டு மூன்றே மூன்று. ஏ-யில் வாசிப்பதாக வைத்துக்கொண்டால் ஏ நமக்கு சட்ஜமம், டி மத்யமம், இ பஞ்சமம், ஆக ச, ம, ப. முதல் நாலு பாரும் ஏ, அடுத்த இரண்டு டி, திரும்ப இரண்டு ஏ, ஒன்பதாவது பார் இ, பத்தாவது டி, பதினொன்றில் ஏ-க்கு வந்து, பன்னிரண்டாவதில் இ-யைத் தொட்டுவிட்டு முதலிலிருந்து சுற்றும். பெரும்பாலும் ஏ7, டி7, இ7 என்று ஏழு சேர்த்த கார்டுகளாக வாசிப்பார்கள். நடை வேண்டுமா, ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தகிட தகிட என்று சொல்லிப் பாருங்கள், நாலு தடவை சொன்ன பிறகு நடுவில் இருக்கும் 'கி'யைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு த-ட, த-ட என்று சொல்லுங்கள். ஷஃபிள் என்பது அதுதான். கிட்டாரைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் இதைத் தொடையில் தட்டிப் பழகினால் போதும், எந்த பாரில் இருக்கிறோம் என்று எண்ணாமலே தெரிய ஆரம்பித்துவிடும். இதைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்கள்தான் பின்னால் ட்ராக்கில் வழி தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

அப்புறம் ஸ்வரங்கள். ப்ளூஸ்-ராக் சோலோவுக்கு அடிப்படை மைனர் பென்டடானிக், பேரிலேயே இருப்பது போல ஐந்து ஸ்வரம். கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வையுங்கள். தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கில் 5, 8, அடுத்த மூன்று ஸ்ட்ரிங்கிலும் 5, 7, கடைசி இரண்டில் மறுபடி 5, 8. இந்தப் பெட்டிக்குள் கிடைப்பது சட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சங்கீதம் தெரிந்தவர்கள் இதற்குள் சுத்த தன்யாசி என்று சொல்லியிருப்பீர்கள், ஸ்வரக் கணக்கில் அதுவேதான். ஆனால் தயவுசெய்து ராகமாக நினைத்து வாசிக்காதீர்கள், சுத்த தன்யாசியின் கமகங்களை இங்கே கொண்டுவந்தால் அது அழகாகத்தான் இருக்கும், ப்ளூஸாக இருக்காது. சுருதிக்கு மட்டும் நம் ஊர் வழி ரொம்ப உதவும். போனில் இருக்கும் சுருதிப் பெட்டி ஆப்பில் 6 கட்டை வைத்தால் அது ஏ. ட்ராக்கைத் தொடும் முன்பு அந்த ஆதார சுருதி மேலேயே பத்து நிமிஷம் வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் சட்ஜமத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, எது உட்கார்ந்துகொள்கிறது, எது நகரத் துடிக்கிறது என்று காதுக்கே புரியும்.

இப்போது ப்ளூஸின் உயிர் இருக்கும் இடத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். பின்னால் ஒலிக்கும் ஏ7 கார்டுக்குள் இருப்பது அந்தர காந்தாரம். நீங்கள் மேலே வாசிப்பதோ சாதாரண காந்தாரம். இரண்டும் அடுத்தடுத்த ஸ்வரங்கள், ஒரே நேரத்தில் கேட்டால் உரசும். கர்நாடக சங்கீதக் காதுக்கு இது தப்பாகத் தோன்றலாம், ஆனால் நாட்டையில் ஷட்ச்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதைக் கேட்டவர்களுக்கு இந்த நெருக்கம் முழுக்க அந்நியமாக இருக்காது. ப்ளூஸ்காரர்கள் அந்த உரசலைத் தீர்த்து வைப்பதும் இல்லை, அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. மூன்றாவது ஸ்ட்ரிங் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்து அந்தக் காந்தாரத்தை மீட்டுங்கள். மீட்டிய பிறகு ஸ்ட்ரிங்கை மெல்லத் தரைப் பக்கமாக இழுங்கள், ரொம்ப வேண்டாம், ஒரு நூல் அளவு. சாதாரணத்தையும் தாண்டி, அந்தரத்துக்கும் போய்ச் சேராமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வரும். தொண்டை அடைத்துப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இந்த ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வாரம் கொடுத்தாலும் தகும். பிரதி மத்யமத்தையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்வார்கள், ஐந்தாவது ஸ்ட்ரிங்கில் ஆறாவது ஃப்ரெட், மூன்றாவதில் எட்டாவது. அது வழியில் தொட்டுவிட்டுப் போகிற ஸ்வரம், அங்கே நின்றுவிடாதீர்கள்.

ஸ்ட்ரிங்கை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவதற்குப் பெயர் பெண்டிங். வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து மேல் ஸ்வரங்களைக் கொண்டுவருகிறார்களே, அதே வேலை. முதலில் இரண்டாவது ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட்டை வாசியுங்கள், அது பஞ்சமம், அதைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி மூன்றாவது ஸ்ட்ரிங் ஏழாவது ஃப்ரெட்டில் மோதிர விரல், அதற்குப் பின்னால் துணைக்கு நடுவிரலும் ஆள்காட்டி விரலும், கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலே கொக்கி போட்ட மாதிரி. விரல்களை மட்டும் வைத்துத் தள்ளாதீர்கள், கதவுப் பிடியைத் திருகுவது போல மணிக்கட்டைத் திருப்பி ஸ்ட்ரிங்கை மேலே ஏற்றுங்கள். மத்யமம் கிளம்பி பஞ்சமத்துக்குப் போய்ச் சேரும். சேர்ந்ததா இல்லையா என்று மறுபடி இரண்டாவது ஸ்ட்ரிங்கை வாசித்துச் சரிபாருங்கள். ஆரம்பத்தில் பத்துக்கு எட்டு தடவை குறைவாகத்தான் நிற்கும். சுருதி சேராத பெண்டிங்கை எவ்வளவு நல்ல ஆம்ப்ளிஃபயரும் காப்பாற்றாது. எலக்ட்ரிக்கில் 9 அல்லது 10 கேஜ் ஸ்ட்ரிங் இருந்தால் இது வரும், அகூஸ்டிக் கிட்டாரில் மூன்றாவது ஸ்ட்ரிங் பெரும்பாலும் கம்பி சுற்றியதாக இருப்பதால் முழு ஸ்வரம் ஏற்றுவது சிரமம், அதில் அரை ஸ்வர இழுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். ஏறிய இடத்தில் நிற்கும்போது ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தித் தளர்த்திப் பிடித்தால் அது வைப்ரேட்டோ. மூருடையது அகலம், கிங்குடையது வேகமாகப் படபடக்கும். உங்களுடையது எப்படி என்பதை உங்கள் மணிக்கட்டு கொஞ்ச நாளில் காட்டும்.

இனி பிடித்தவரிடமிருந்து பிடி எடுப்பது. முழு சோலோவைத் தொடாதீர்கள். உங்களை எப்போதும் நிறுத்திவிடுகிற ஒரு பத்து நொடி இருக்கும், அதை மட்டும் எடுங்கள். யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. திரும்பத் திரும்பக் கேளுங்கள், பிறகு கிட்டாரைத் தள்ளி வைத்துவிட்டு வாயால் பாடுங்கள். தவில் கற்கிறவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகிவிட்டுத்தான் கையைத் தோலில் வைப்பார்கள், அந்த வழக்கத்தின் அருமை எனக்கு கிட்டாரில்தான் தெரிந்தது. பாட முடிந்த பிடியை விரல் தானாகத் தேடிக்கொள்ளும். பாட முடியாத பிடி விரலில் இருந்தாலும் அது இரவல்தான்.

உதாரணத்துக்கு ஒரு சாதாரணப் பிடி, இந்தப் பாணியில் எல்லோருக்கும் பொதுவானது. மூன்றாவது ஸ்ட்ரிங் ஏழிலிருந்து பஞ்சமத்துக்கு ஏற்றுங்கள், இரண்டாவது ஸ்ட்ரிங்கில் எட்டு, பிறகு ஐந்து, மூன்றாவது ஸ்ட்ரிங்கில் ஏழு, ஐந்து, நாலாவது ஸ்ட்ரிங்கில் ஏழு. ஸ்வரத்தில் சொன்னால் ப-நி-ப-ம-க-ச. இதை அப்படியே வாசித்தால் ஒரு வாக்கியம் முடிந்த மாதிரி இருக்கும். கடைசி ச-வை விட்டுவிட்டு, க-வில் நிறுத்தி அந்த நூலளவு இழுப்பைக் கொடுங்கள், உடனே அது கேள்வி ஆகிவிடும். அடுத்ததாக ஒரு எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கிப் பாருங்கள். அதற்கப்புறம் முதல் பெண்டிங்கை இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டிவிட்டு மிச்சத்தை அவசரமாகச் சொல்லி முடியுங்கள், இது மூர் ரொம்பச் செய்வது. ஒரே பிடிதான், ஆனால் ஒரு சுற்று பன்னிரண்டு பாரை இதை மட்டும் வைத்தே ஓட்டிவிடலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஐம்பது பிடி சேகரிக்கிறார்கள், நாலு பிடியை இருபது விதமாகச் சொல்லத் தெரிந்தவர் அவர்களைவிடப் பல படி முன்னால் இருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் ஆரம்பத்தில் வேகத்தைத்தான் மூர் என்று நினைத்திருந்தேன். ஒன்றரை வருஷம் அந்தப் பெட்டியை மேலும் கீழும் ஓட்டி ஓட்டி, நன்றாகவே வேகம் வந்துவிட்டது. திருவிடைமருதூரில் தவில் வாசிக்கும் நண்பன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக்கு வருவான், மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசிப்போம். ஒரு நாள் நடுவிலேயே கையை எடுத்துவிட்டான். "மாப்ள, நீ எங்க முடிக்கிறேன்னே தெரியலடா, நான் எங்க தீர்மானம் வைக்கிறது?" என்றான். தீர்மானம் என்றால் தவிலில் முடித்து வைக்கும் சொற்கட்டு. அன்றைக்குப் பதிவு செய்ததை ராத்திரி போட்டுக் கேட்டேன், மூன்று நிமிஷத்தில் ஒரு இடைவெளிகூட இல்லை. அப்புறம் மூர் வாசித்ததையே எடுத்து, ஸ்வரங்களை விட்டுவிட்டு அவர் சும்மா இருக்கும் இடங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கொட்டலுக்கும் முன்னாலோ பின்னாலோ ஒரு நிறுத்தம் இருந்தது, இத்தனை வருஷம் அது என் காதில் விழவே இல்லை.

ப்ளூஸ் பாட்டின் அமைப்பிலேயே இந்த இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான பாட்டில் மூன்று வரி, வரிக்கு நாலு பார், முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடிவிட்டு மூன்றாவதில் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு வரியிலும் பாடுகிறவர் ஏறத்தாழ இரண்டு பாரில் முடித்துவிடுவார், மிச்சம் இரண்டு பார் கிட்டாருக்கு. பி.பி. கிங் பாடும்போது கிட்டாரில் விரல் வைக்க மாட்டார், பாடி நிறுத்திய பிறகு கிட்டார் பதில் சொல்லும். அவர் பிறந்ததும் ஒரு டெல்டாவில்தான். நம்முடையது போல ஆறு கடலில் கலக்கும் இடத்து டெல்டா அல்ல, மிசிசிப்பிக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவில் வண்டல் படிந்த சமவெளி, இங்கே நெல் என்றால் அங்கே பருத்தி. சின்ன வயதில் அவரும் பருத்தி எடுத்தவர். அந்த வயல்களில் கறுப்பின உழைப்பாளிகள் வேலையோடு பாடிய பாட்டில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடவுப் பாட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், முன்பாட்டுக்காரி ஒரு அடி பாடி நிறுத்துவாள், சேற்றில் குனிந்த வரிசை மொத்தமும் அதைத் திருப்பிச் சொல்லும், அந்த நேரத்தில் அவள் அடுத்த அடியை யோசித்துக்கொள்வாள். சோலோவில் நீங்கள் விடும் இரண்டு பாரும் அப்படித்தான், அடுத்ததை யோசிக்க உங்களுக்கே கிடைக்கும் நேரம் அது.

ஆகவே பயிற்சி இப்படி. இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் கையை ஸ்ட்ரிங் மேல் வைத்துச் சத்தத்தை அடக்கிவிட்டுச் சும்மா இருங்கள். முதல் நாலு பாரில் ஒரு கேள்வி, அடுத்த நாலில் அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, கடைசி நாலில் பதில். சும்மா இருப்பது முதல் வாரம் தாங்காது, கை பரபரக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். இது பழகிய பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம், எந்தக் கார்டு ஓடுகிறதோ அதன் ஸ்வரத்தில் பிடியை முடிப்பது. ஏ ஓடும்போது ச, ஐந்தாவது பாரில் டி வரும்போது ம, ஒன்பதாவதில் இ வரும்போது ப. மூன்றுமே உங்கள் ஐந்து ஸ்வரத்துக்குள் இருப்பவை, புதிதாக எதையும் தேட வேண்டாம். ஐந்தாவது பாரின் முதல் தட்டில் ம-வில் சரியாக இறங்கினீர்கள் என்றால், கேட்கிறவருக்கு இசை தெரியாவிட்டாலும் தலை ஆடும்.

பொருட்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் வாசிக்கச் சின்ன ஆம்ப் போதும், கெயினைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள், அதிக டிஸ்டார்ஷனில் தப்பும் தெரியாது, விரலின் அழுத்த வித்தியாசமும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள், துருவேறிய ஸ்ட்ரிங்கில் பெண்டிங் சறுக்காமல் சொரசொரக்கும். வாரம் ஒரு தடவை போனில் பதிவு செய்து அடுத்த நாள் கேளுங்கள், வாசித்த அன்றைக்கே கேட்டால் காது நமக்குச் சாதகமாகவே பேசும்.

ஒரு மாதம் ஒரே ஆளோடு இருந்த பிறகு அவர் யாரைக் கேட்டு வளர்ந்தார் என்று தேடி அவரிடம் போங்கள். நான் மூரிலிருந்து கிரீனுக்குப் போனபோது, மேலே சொன்ன அதே ப-நி-ப-ம-க-ச பிடியை கிரீன் வாசித்தால் எப்படி வாசிப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் நி போனது, பிறகு இரண்டாவது ப போனது, சத்தத்தையும் கிட்டாரின் வால்யூமில் பாதிக்குக் குறைத்துவிட்டேன். இப்போதெல்லாம் பன்னிரண்டாவது பாரில் க-வோடு நிறுத்திவிடுகிறேன், கடைசி ச-வை வாசிப்பதில்லை. மாடியில் என்னோடு உட்கார்ந்திருக்கும் தவில் நண்பன் அந்த இடத்தில் தீர்மானம் வைத்து முடித்துக்கொள்கிறான்.